கிழமாட்டை யார் தின்றது?

கீழடி அறிக்கை 2019 செப்டம்பரில் வெளிவந்தபோது பானை ஓட்டில் கீறியிருந்த எழுத்தைப் பற்றி ஊரே பேசியது. செங்கல் சுவர், உறைகிணறு, பொன் அணி, தாயக்கட்டை என்று ஒவ்வொன்றுக்கும் மேடைப் பேச்சு, கவிதை, சிறப்பிதழ். கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே தமிழன் எழுத்தறிந்த நகரவாசி என்பதில் எல்லாருக்கும் பெருமை. பெருமைப்படட்டும். அதே அறிக்கையில் எலும்புக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துப் பேசியவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்தைப் பற்றியது.

நாம் நாவலையும் கவிதையையும்தான் விமர்சனம் செய்கிறோம். அகழாய்வு அறிக்கை என்றால் அது அறிவியல், நமக்கெதுக்கு என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அறிக்கையும் ஒரு பிரதிதான். அதையும் ஒரு ஆள் உட்கார்ந்து எழுதுகிறார். அதிலும் ஒரு கதை இருக்கிறது, பேசாமல் விட்ட இடம் இருக்கிறது. விட்ட இடம் பெரும்பாலும் நம்ம சனங்க இருக்கிற இடமாகப் போய்விடுகிறது.

1

கீழடியில் கிடைத்த எலும்புத் துண்டுகளில் 70 மாதிரிகள் புனே டெக்கான் கல்லூரிக்குப் போயின. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, நீலான், கலைமான், காட்டுப்பன்றி, மயில் என்று அங்கே இனம் பிரித்தார்கள். மாடு, எருமை, ஆடு இவை மட்டும் 53 விழுக்காடு. இதிலிருந்து அறிக்கை ஒரு முடிவுக்கு வருகிறது. அந்தச் சமூகம் கால்நடை வளர்த்த சமூகம், விலங்குகளை முதன்மையாக வேளாண்மைக்குப் பயன்படுத்தியது என்கிறது. உணவு என்று வரும்போது மான், வெள்ளாடு, காட்டுப்பன்றி எலும்புகளில் வெட்டுக்குறி இருக்கிறது, எனவே இவற்றைத் தின்றிருக்கலாம் என்கிறது.

மாடு உழுவதற்கு. ஆடும் மானும் பன்றியும் தின்பதற்கு. படிக்கிறபோது சரியாகத்தான் தோன்றுகிறது. மாட்டெலும்பில் வெட்டுக்குறி இருந்தது, மறைத்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்ட நான் வரவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. எழுபது துண்டு என்பது ஒரு கல்யாண வீட்டுக் குப்பையைவிடக் குறைவு. அதில் கத்தி படாத மாட்டெலும்பே அகப்பட்டிருக்கலாம். என் கேள்வி சாதாரணமானது. உழுத மாடு ஒருநாள் சாகும் அல்லவா? செத்த பிறகு அது எங்கே போனது? வண்டி இழுத்த மாடு, பால் கறந்த மாடு எல்லாம் கடைசியில் யார் கைக்கு வந்தது? வேளாண்மைக்கு என்று எழுதியதும் மாட்டின் கதை முடிந்துவிட்டதாக அறிக்கை நினைக்கிறது. நமக்குத் தெரிந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

சங்கப் பாட்டிலும் இந்தப் பிரிவினை இருப்பதைக் கவனிக்கலாம். பொருநராற்றுப்படையில் கரிகாலன் தருகிற விருந்தில் புல் மேய்ந்து கொழுத்த செம்மறிக் கறி. அகநானூற்றுப் பாலைப் பாட்டுகளில் ஆநிரையைக் கவர்ந்துபோய் அறுத்துத் தின்கிற மழவர். அரண்மனையில் ஆட்டுக்கறி, காட்டு வழியில் மாட்டுக்கறி. மாடு தின்கிறவன் வழிப்பறிக்காரனாகத்தான் பாட்டுக்குள் வருகிறான். இரண்டாயிரம் வருசத்துக்குப் பிறகு எழுதிய அறிக்கையிலும் மாடு தின்கிறவனுக்கு உட்கார இடமில்லை.

2

எலும்பு படிக்கிறவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. முதலில் எந்த விலங்கு, எந்த உறுப்பு என்று பிரிக்கிறார்கள். துண்டுகளை எண்ணுகிறார்கள். இடது தொடை எலும்பு மூன்று கிடைத்தால் குறைந்தது மூன்று மாடு என்று கணக்கு. பிறகு கத்தி பட்ட கீறல் எங்கே என்று பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். கால் நுனியிலும் மண்டையிலும் கீறல் இருந்தால் தோல் உரித்தது. மூட்டில் இருந்தால் துண்டம் போட்டது. எலும்பின் தண்டில் இருந்தால் கறியை வழித்து எடுத்தது. நல்லி எலும்பைப் பச்சையாக அடித்து உடைத்தால் ஒரு மாதிரி பிளக்கும், காய்ந்து மக்கிய பிறகு உடைந்தால் வேறு மாதிரி. நாய் கடித்த தடம், வேர் அரித்த தடம், நெருப்பில் கருகிய தடம் எல்லாம் தனித்தனி. பல்லின் தேய்மானத்தையும், எலும்பின் முனை தண்டோடு ஒட்டிவிட்டதா என்பதையும் பார்த்து வயது சொல்கிறார்கள். பாரம் இழுத்த மாட்டின் குளம்புக்கு மேலே உள்ள சின்ன எலும்புகள் தடித்துப் போயிருக்கும், அதையும் பார்க்கிறார்கள். நல்ல வேலை. பொறுமையான வேலை. இதைக் கேலி செய்ய முடியாது.

வயதிலிருந்து முடிவுக்குப் போகிற இடத்தில்தான் சிக்கல். 1973இல் செபாஸ்டியன் பெய்ன் என்ற ஆய்வாளர் துருக்கியில் அஷ்வான் காலே என்ற இடத்து ஆட்டெலும்புகளை வைத்து ஒரு மாதிரியை வகுத்தார். கறிக்கு வளர்த்தால் ஆண்குட்டிகளை இளவயதில், உடம்பு பிடித்ததும் அறுப்பார்கள். பாலுக்கு என்றால் பால்குடிக் குட்டிகளே நிறையச் சாகும். ரோமத்துக்கு என்றால் வயதான ஆடு மிஞ்சும். இதே தர்க்கத்தை மாட்டுக்கும் கொண்டுவந்தார்கள். குழியில் கிடப்பதெல்லாம் கிழமாட்டு எலும்பாக இருந்தால் அது ஏருக்கும் வண்டிக்கும் பாலுக்கும் வளர்த்த மாடு, கறி இரண்டாம்பட்சம்.

இது யாருடைய கணக்கு? மாட்டுக்குச் சொந்தக்காரனுடைய கணக்கு. எப்போது அறுத்தால் லாபம், எவ்வளவு காலம் வைத்திருந்தால் லாபம் என்று யோசிக்கிறவனுடைய கணக்கு. அவனைப் பொறுத்தவரை கிழமாட்டுக்கு மதிப்பில்லை, எனவே அதன் கறியும் கணக்கில் வராது. மாட்டுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன், அதைத் தின்றவன் இன்னொருத்தன் என்கிற சமூகத்தில் இந்த மாதிரி பாதிக்குப் பாதிதான் பேசும்.

எங்க ஆயா எலும்பு ஆராய்ச்சி படிக்கவில்லை. ஆனால் கிழமாட்டைப் பற்றி அதுக்குத் தெரிந்தது எந்த அறிக்கையிலும் இல்லை. ஆண்டை வீட்டில் மாடு செத்தால் சேரிக்குச் சொல்லி அனுப்புவார்கள். தூக்கிப்போக ஆள் போகும். அந்தக் கறியைப் பற்றி ஆயா சொல்லும்: "பத்து வருசம் ஏர் ஓட்டுன மாடு கண்ணு அது. ஒரு ராத்திரி பூரா வெந்தாலும் நார்நாராத்தான் இருக்கும். அவனுக்கு ஒழைச்சது போவ மிச்சம்தான் நமக்கு. நம்ம மாதிரிதான் அதுவும்." உழவு மாடா, கறி மாடா என்று கேட்டிருந்தால் ஆயா சிரித்திருக்கும். பகலில் ஆண்டைக்கு உழவு மாடு. செத்த அன்று சாயங்காலம் நமக்குக் கறி. ஒரே மாடு, ஒரே எலும்பு.

இது பழங்கதை என்று யாராவது சொல்லலாம். இன்றைய சட்டத்தையே பாருங்கள். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி மாட்டை அறுக்கச் சான்றிதழ் வேண்டும். பத்து வயதுக்கு மேல் ஆகி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது என்றோ, காயத்தாலோ நோயாலோ இனி எதற்கும் உதவாது என்றோ அதிகாரி எழுதித் தரவேண்டும். அதாவது கிழமாட்டைத் தின்னலாம் என்று சட்டமே வரையறுத்து வைத்திருக்கிறது. இந்தச் சட்டப்படி அறுத்த எலும்புகள் ஆயிரம் வருசம் கழித்து ஒரு ஆய்வாளர் கையில் கிடைத்தால் என்ன எழுதுவார்? எல்லாம் முதிர்ந்த மாடு, எனவே இந்த மக்கள் மாட்டை உழவுக்கும் பாலுக்குமே வளர்த்தார்கள், கறிக்கு அல்ல என்று எழுதுவார். நாம் வாரத்துக்கு ஒருநாள் வாங்கித் தின்ற கூறுகறி அவர் அறிக்கையில் இருக்காது.

3

இன்னொன்றும் இருக்கிறது. நம்ம சாப்பாட்டில் பாதிக்கு எலும்பே கிடையாது. ரத்தத்தைப் பொரியல் செய்தோம். குடலையும் போட்டியையும் கழுவி ஆக்கினோம். ஈரல், மூளை, மடி எதிலும் எலும்பில்லை. உப்புக்கண்டம் போடுவதென்றால் எலும்பிலிருந்து கறியை வாராக அறுத்து எடுத்து, உப்பு மஞ்சள் தடவிக் கொடியில் காயப்போடுவது. மண்ணில் தடம் விடாத சாப்பாடு. மிச்சமிருக்கிற எலும்பையும் சும்மா விடவில்லை. நல்லியை உடைத்து உறிஞ்சினோம். கிடந்த எலும்பைப் பொறுக்கி, உரத்துக்கும் கோந்துக்கும் எலும்பு அரைக்கிற ஆலைக்காரனுக்கு எடைக்கு விற்றவர்களும் நம்ம ஆளுங்கதான். வசதி உள்ளவன் வீட்டுக் குப்பையில் எலும்பு கிடக்கும். இல்லாதவன் எலும்பையும் காசாக்கிவிடுவான். குழியில் எலும்பு குறைவு, எனவே இங்கே கறி தின்றது குறைவு என்று முடிவு கட்டினால் ஏழையைத்தான் கணக்கிலிருந்து முதலில் தள்ளுகிறோம்.

சின்னச் சீவன்களின் கதியும் இதேதான். வயல் நண்டு, எலி, விரால், கெளுத்தி இவற்றின் எலும்பும் ஓடும் மண்ணைச் சலித்தால்தான் அகப்படும். கையால் பொறுக்கினால் பெரிய எலும்புதான் கிடைக்கும். சலிக்காத அகழாய்வில் மாடும் மானும் இருக்கும், எலி இருக்காது. எலி பிடித்துத் தின்று உயிர் காத்த மக்களும் இருக்கமாட்டார்கள்.

எங்கே தோண்டுகிறார்கள் என்பதும் கேள்விதான். செங்கல் கட்டிய இடத்தில் மேடு நிற்கும், மேட்டைப் பார்த்துத்தான் குழி போடுவார்கள். மண்சுவரும் கூரையுமாக இருந்த குடியிருப்பு மழையில் கரைந்துவிடும். மண்ணுக்கு மேலே அடையாளம் இல்லாதவர்களைத் தேடிப்போய்த் தோண்ட வேண்டும். தானாகக் கிடைக்கமாட்டார்கள்.

4

வடக்கே இந்த எலும்புக்கு வேறொரு சண்டை நடந்தது. அஸ்தினாபுரத்தில் 1950 முதல் 1952 வரை பி.பி. லால் தோண்டினார். கிடைத்த எலும்புகளை இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் போலாநாத் ஆராய்ந்தார். மாடு, எருமை, ஆடு, பன்றி. பல மாட்டெலும்புகள் கருகியும் வெட்டுக்குறியோடும் இருந்தன. அத்ரஞ்சிகேராவில் இனம் காணப்பட்ட 927 துண்டுகளில் 64 விழுக்காட்டுக்கு மேல் மாடு. மகாபாரத நாடு என்று கொண்டாடுகிற மண்ணில் மாடு வெந்திருக்கிறது.

இதைச் சொன்னவர்கள் பட்டபாடு தெரிந்ததே. பழங்காலத்தில் மாட்டிறைச்சி தின்றார்கள் என்று ரொமிலா தாப்பர் போன்றவர்கள் பள்ளிப் பாடநூலில் எழுதியிருந்த வரிகளை 2001இல் நீக்கச் சொன்னார்கள். அதே வருசம் டி.என். ஜா பசுவின் புனிதம் பற்றிய கட்டுக்கதையை உடைத்து எழுதிய புத்தகத்துக்கு நீதிமன்றத் தடை வந்தது, கொலை மிரட்டல் வந்தது. 2020 பிப்ரவரியில் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் சிந்துவெளிச் சாப்பாடு என்று ஒரு விழா வைத்தார்கள். பட்டியலில் இருந்த மீனையும் கறியையும் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். அதே 2020 டிசம்பரில், அரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் உள்ள சிந்துவெளி ஊர்களின் பானைகளில் ஊறிப்போன கொழுப்பைச் சோதித்த ஆய்வு வெளிவந்தது. அக்ஷயேதா சூரியநாராயணனும் உடன் ஆய்வாளர்களும் செய்தது. பன்றி, மாடு, எருமை, ஆடு இவற்றின் கொழுப்பே அந்தப் பானைகளில் மேலோங்கியிருந்தது. பானை நாலாயிரம் வருசம் கொழுப்பைக் காப்பாற்றி வைத்திருந்தது. அருங்காட்சியகத்தால் ஒரு வாரம் பட்டியலைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்தச் சண்டையில் நாம் யார் பக்கம் என்பதில் சந்தேகம் இல்லை. வரிகளை வெட்டியவர்கள் பக்கம் இல்லை. ஆனால் இந்த முற்போக்கு வாதத்திலும் நமக்கு ஒரு குறை இருக்கிறது. அது திரும்பத் திரும்ப நிரூபிப்பது ஒன்றைத்தான்: பார்ப்பனரும் அன்று தின்றார். நல்லது, தின்றார். அதை நிரூபிப்பதால் தின்றுகொண்டே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது விளங்கவில்லை. விட்டவன் கதையை எலும்பு வைத்து எழுதிவிட்டார்கள். விடாதவன் கதைக்கு எலும்பைத் தேடவே இல்லை.

அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதவர்கள் யார், ஏன் அப்படி ஆனார்கள் என்ற நூலை எழுதினார். அப்போது அஸ்தினாபுரத்தில் மண்வெட்டி விழவில்லை. அவர் கையில் இருந்ததெல்லாம் நூல்கள்தான். அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டார். பார்ப்பனர் ஏன் மாட்டிறைச்சியை விட்டார்? விடாதவர்கள் ஏன் தீட்டானார்கள்? அவர் கொடுத்த பதில்: ஊருக்கு வெளியே குடியிருந்த சிதறிய மக்கள் செத்த மாட்டைத் தின்றார்கள். மாட்டைக் கொல்லாதே என்ற கட்டளை அவர்களைத் தொடவில்லை, ஏனென்றால் அவர்கள் கொல்லவில்லை. தின்பதை நிறுத்த அவர்களுக்கு வழியும் இல்லை. அதுவே தீண்டாமைக்கு வேர், ஏறத்தாழ கி.பி. 400 வாக்கில் அது உருவானது என்றார். இந்தக் கருத்தோடு வாதாடலாம். நம்மிலேயே வாதாடியவர்கள் உண்டு. கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

கொன்ற மாடு, செத்த மாடு. சாதி இந்த வித்தியாசத்தின் மேல் ஏறி நிற்கிறது. எலும்பில் இந்த வித்தியாசம் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. கழுத்தறுத்துக் கொன்ற மாட்டைத் துண்டம் போட்டாலும், கொட்டிலில் செத்து விழுந்த மாட்டை அன்றே துண்டம் போட்டாலும் மூட்டில் விழுகிற கீறல் ஒன்றுதான். கத்திக்குத் தீட்டு தெரியாது. எலும்பு மௌனமாக இருக்கிற இந்த இடத்தைத்தான் அறிக்கை எழுதுகிறவர் தன் மனசில் இருப்பதை வைத்து நிரப்புகிறார்.

கர்நாடகத்தின் புதிஹாலில் மாடு அறுத்த தளம் ஒன்று கிடைத்தது. புதிய கற்காலத்தது. பத்தய்யா, தாமஸ், ஜோக்லேகர் மூவரும் 1995இல் அதைப் பற்றி எழுதினார்கள். மாடு வளர்த்த மக்களின் குடியிருப்பில் ஒரு பகுதியாக அந்தத் தளம் இருந்தது. வளர்த்தவன் வேறு, அறுத்தவன் வேறு, தின்றவன் வேறு என்று அங்கே நினைக்க ஒரு காரணமும் இல்லை. தென்னாட்டில் மாட்டுக்கறியின் கதை அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. அறுக்கிற இடம் எப்போது குடியிருப்பை விட்டு வெளியே தள்ளப்பட்டது? கத்தி பிடித்தவனும் அதோடு எப்போது வெளியே போனான்? தீண்டாமையின் வயதை மண்ணில் தேடுவதென்றால் இப்படித்தான் தேடவேண்டும். புத்தகத்தில் மட்டும் தேடினால் எழுதத் தெரிந்தவன் சொன்னதுதான் கிடைக்கும்.

5

இது பழம் எலும்பைப் பற்றிய சண்டை மட்டும் இல்லை. 2002 அக்டோபரில் அரியானாவின் ஜஜ்ஜார் மாவட்டம் துலினாவில் ஐந்து தலித்துகளை அடித்தே கொன்றார்கள். செத்த மாட்டின் தோல் அது, பசுவைக் கொன்று உரித்தார்கள் என்று கும்பல் சொன்னது. 2016 ஜூலையில் குசராத்தின் உனாவில் செத்த மாட்டைத் தோலுரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். கொன்றதா, செத்ததா என்று யாரும் நின்று பார்க்கவில்லை. ஆயிரத்தைந்நூறு வருசமாக நம்மைத் தீட்டு என்று சொன்னது செத்ததைத் தின்றதற்காக. இப்போது அடிப்பது கொன்றோம் என்று. உனாவுக்குப் பிறகு அந்த மக்கள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். உங்க அம்மாவை நீங்களே எடுத்து அடக்கம் பண்ணுங்க என்றார்கள். அந்த எலும்புக்கு அறிக்கை எழுதத் தொல்லியல் துறை தேவைப்படவில்லை.

நமக்குள் ஒரு தயக்கம் இருப்பதையும் மறைக்க வேண்டாம். செத்த மாடு தின்பதை விடுங்கள் என்று 1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். விட்டவர்கள் மானத்துக்காக விட்டார்கள். எங்க ஊரிலும் இனிமேல் தூக்கமாட்டோம் என்று ஒருநாள் பெரியவர்கள் நின்றார்கள், அதற்காகப் பட்டினியும் கிடந்தார்கள். அதையெல்லாம் மறந்துவிட்டு, செத்த மாடு தின்றது எங்க பண்பாடு என்று மேடையில் பாடிக்கொண்டிருக்க முடியாது. அதே நேரம், வெட்கப்பட்டு அதை மூடிவைத்தால் அறிக்கை எழுதுகிறவர் செய்கிற வேலையை நாமும் செய்கிறோம். தின்னவைத்தது யார், விடச்செய்த போராட்டம் எது என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதுதான் வரலாறு.

நம்ம பிள்ளைகள் இப்போது தொல்லியல் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். எழுத்துள்ள ஓட்டுக்கும் பொன்னுக்கும் ஆள் போதும், எலும்புப் பையைக் கேட்டு வாங்குங்கள். மண்ணைச் சலிக்கச் சொல்லுங்கள். மேடு இல்லாத இடத்திலும் ஒரு குழி போடச் சொல்லுங்கள். எழுபது துண்டு போதாது, ஏழாயிரம் வேண்டும் என்று கேளுங்கள். எந்த எலும்பில் எங்கே கீறல், எத்தனை வயது, எந்தக் குழி, எந்த அடுக்கு என்று முழு அட்டவணையையும் வெளியிடச் சொல்லுங்கள். மூட்டை எப்படிக் கழற்றுவது என்று உங்கள் தெருவில் கறி போடுகிற பெரியவருக்குத் தெரியும். அவரைக் கூட்டிப்போய் அந்த எலும்பைக் காட்டுங்கள். இது எந்தக் கை, இது எதுக்குப் போட்ட வெட்டு என்று அவர் சொல்லுவார். அவர் சொன்னதை அறிக்கையில் எழுதுங்கள், அவர் பெயரோடு எழுதுங்கள்.

கீழடியில் உழுத மாடு செத்திருக்கும். அதை யாரோ இழுத்துப் போயிருப்பார்கள். அவர்கள் எந்தத் திசையில் போனார்கள் என்று அறிக்கை இன்னும் சொல்லவில்லை.